விசுவமடு வீட்டுக் கணினி கொழும்பிலிருந்து எட்டவில்லை: தடை எங்கே, வழி எது?

கொழும்பில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. குடும்பம் கிளிநொச்சி நகரில் வாடகைக்கு இருந்த காலத்தில், வீட்டுக் கணினியை ரிமோட் டெஸ்க்டாப் மூலம் கொழும்பிலிருந்தே திறந்து, அப்பாவின் உரக்கடைக் கணக்குகளை எழுதிவந்தார். பிறகு விசுவமடுவில் சொந்த வீட்டைத் திருத்திக் குடியேறினார்கள். அங்கே கம்பி இணைப்பு கிடைக்கவில்லை. 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி வைத்தார்கள். அன்றிலிருந்து கணினி எட்டுவதில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடும் விதியான போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். முகவரி மாறினாலும் பெயர் மாறாதிருக்க டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றைச் சேர்த்திருக்கிறார். கடைசியில், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் விண்டோஸ் ஃபயர்வாலையே தொலைபேசியில் சொல்லிச்சொல்லி நிறுத்த வைத்திருக்கிறார். ‘இணைக்க முடியவில்லை’ என்ற அதே செய்திதான் வருகிறது. வீட்டில் அம்மாவும் உயர்தரம் படிக்கும் தங்கச்சியும் இருக்கிறார்கள். தைப்பொங்கலுக்குத்தான் ஊருக்குப் போக முடியும், அதற்கு முன் வழி உண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு தம்பி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த ஃபயர்வாலைத் திரும்ப இயக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே. அதை நிறுத்திய பிறகும் இணைப்பு வரவில்லை என்றால் குற்றவாளி அது மட்டுமில்லை என்பது தெளிவாகிவிட்டது. இனி அதை நிறுத்தி வைத்திருப்பதால் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. உங்கள் கணினியில் அப்பாவின் வரவு செலவு மட்டும் இல்லை. கடனுக்கு உரம் வாங்கிய கமக்காரர்களின் பெயரும் தொகையும் இருக்கின்றன. இணைப்பு வரவில்லை என்றதும் ஃபயர்வாலை நிறுத்துவது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். அது தடையைக் கண்டுபிடிக்கவும் உதவாது, கணினியையும் காக்காது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தடை பெரும்பாலும் உங்கள் கணினியில் இல்லை, ரவுட்டரிலும் இல்லை. 4ஜி இணைப்பில் உங்கள் வீட்டுக்கென்று, இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய ஒரு பொது முகவரியே இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை திருத்தினாலும் பயன் கிடைக்காது. ஆனாலும் ஊகத்தில் வேலை செய்யக் கூடாது. இந்த மாதிரி இடங்களில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தடைகள் இருப்பதுண்டு. ஒன்றை நீக்கியும் பலன் தெரியாததால், நீக்கியது சரியா பிழையா என்றே குழம்பிப் போவோம். அதனால் உள்ளேயிருந்து வெளியே போவோம்: முதலில் கணினி, பிறகு வீட்டு வைஃபை, பிறகு ரவுட்டர், அதன் பின் இணைய நிறுவனம்.

அம்மாவைக் கணினிக்கு முன்னால் உட்காரச் சொல்லித் தொலைபேசியில் பேசுங்கள். “திரை கறுப்பாக இருக்கிறதா அம்மா?” என்று கேளுங்கள். கறுப்பு என்றால், விசைப்பலகையில் ஏதாவது ஒரு விசையைத் தட்டச் சொல்லுங்கள். உடனே வெளிச்சம் வந்தால், திரை மட்டும் அணைந்திருக்கலாம், கணினியே உறங்கியும் இருக்கலாம். பெட்டியின் முன்பக்கத்து விளக்கு அதற்கு முன் எப்படி இருந்தது என்று கேட்டால் வேறுபாடு தெரியும்: உறக்கத்தில் பல கணினிகளில் அது விட்டுவிட்டு மினுங்கும் அல்லது நிறம் மாறும். உறங்கும் கணினி வெளியிலிருந்து வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாது. விண்டோஸின் மின்சார அமைப்பில் ‘உறக்கம்’ என்பதை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்ற வேண்டும். திரை அணைவது மட்டும் இருக்கட்டும், அது மின்சாரத்தை மிச்சப்படுத்தும். மடிக்கணினி என்றால் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பையும் பாருங்கள். தூசி படக் கூடாதென்று அம்மா மூடியை மூடி மேலே துணி போட்டுவிடுவார். அவர் செய்வது சரி, அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது வீட்டுக்குள் சோதனை. தங்கச்சியின் கைத்தொலைபேசி வீட்டு வைஃபையில் இருக்கும்போது, அதில் ரிமோட் டெஸ்க்டாப் செயலியை நிறுவி, கணினியின் உள் முகவரியைக் கொடுத்து இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள் முகவரி, கணினியின் நெட்வொர்க் அமைப்பில் ‘ஐபிவி4 முகவரி’ என்ற வரியில் இருக்கும். இங்கே இணைந்தால் கணினி நல்லபடி இருக்கிறது, மிச்சத் தேடலெல்லாம் வெளியே. இங்கேயே இணையவில்லை என்றால் கொழும்பிலிருந்து இணைவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

உள்ளேயே இணையாததற்குக் காரணங்கள் பல உண்டு. என்னிடம் வரும் கணினிகளில் அடிக்கடி காண்பவற்றைச் சொல்கிறேன். விண்டோஸ் ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் இன்னொரு கணினியைத் திறக்கலாம், ஆனால் அந்தக் கணினியை யாரும் திறக்க முடியாது. அதற்கு புரோ பதிப்பு வேண்டும். வீடு மாறியபோது கணினியையும் மாற்றியிருந்தாலோ, விண்டோஸைப் புதிதாக ஏற்றியிருந்தாலோ இதை முதலில் பாருங்கள். இரண்டாவது, கடவுச்சொல் இல்லாத கணக்கு. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று கடவுச்சொல்லை எடுத்துவிடுவார்கள். வெற்றுக் கடவுச்சொல் கொண்ட கணக்கை விண்டோஸ் நேரில் மட்டுமே உள்ளே விடும், தொலைவிலிருந்து விடாது. அதேபோல் நான்கு இலக்க ‘பின்’ எண்ணும் தொலைவில் செல்லாது, முழுக் கடவுச்சொல்தான் வேண்டும். மூன்றாவது, ரவுட்டரை மாற்றியதும் விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாக எடுத்துக்கொள்கிறது. அதை ‘பொது’ என்று குறித்துவிட்டால், பஸ் நிலையத்து வைஃபையில் இருப்பது போல எல்லாவற்றையும் இறுக்கி அடைத்துக்கொள்ளும். ‘தனிப்பட்ட’ என்று மாற்றுங்கள். தனியாக வாங்கிய வைரஸ் தடுப்பு மென்பொருள் இருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம். விண்டோஸ் ஃபயர்வாலை நிறுத்தினாலும் அது நிற்காது.

முகவரி விஷயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கிளிநொச்சி வீட்டு ரவுட்டர் உங்கள் கணினிக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்திருக்கலாம். ஹுவாவே 4ஜி ரவுட்டர்கள் வழக்கமாக 192.168.8 என்ற வரிசையில் கொடுக்கும். போர்ட் ஃபார்வர்டிங் விதியைப் பழைய நினைவில் எழுதியிருந்தால் அது இல்லாத கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இனி அந்த விதியே தேவைப்படாது என்று கீழே சொல்லப்போகிறேன். ஆனாலும் கணினிக்கு ரவுட்டரில் ஒரு நிலையான உள் முகவரியை ஒதுக்கி வைப்பது நல்லது.

இனி முக்கியமான இடம். தங்கச்சியை ரவுட்டரின் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உலாவியில் 192.168.8.1 அல்லது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரி. உள்ளே போனதும் ‘நிலை’ அல்லது ‘சாதனத் தகவல்’ என்ற பகுதியில் ‘டபிள்யூஏஎன் ஐபி’ என்று ஒரு எண் இருக்கும், ரவுட்டருக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரி அது. அதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே வைஃபையில், ‘என் ஐபி முகவரி என்ன’ என்று கூகுளில் தேடினால் வரும் ஏதாவது ஒரு தளத்தில் காட்டும் எண்ணையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் ரவுட்டருக்குப் பொது முகவரி இருக்கிறது. வேறாக இருந்தால் உங்கள் ரவுட்டருக்கும் இணையத்துக்கும் நடுவே, ஒரு முகவரியை இன்னொன்றாக மாற்றி அனுப்பும் வேலை இணைய நிறுவனத்திடம் இன்னொரு முறை நடக்கிறது; உங்கள் விதிகள் அங்கே செல்லாது.

எழுதிய எண்ணின் தொடக்கமே கதையைச் சொல்லிவிடும். 10 என்று தொடங்கினாலோ, 192.168 என்று தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரை இருந்தாலோ அது தனி வலையமைப்புக்கான முகவரி. 100.64 முதல் 100.127 வரை இருந்தால் ஐயமே வேண்டாம்: அந்த வரிசை இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர்களைப் பகிர்ந்த முகவரிக்குள் வைப்பதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டது.

ஏன் இப்படி வைக்கிறார்கள் என்றால், ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். உலக அளவில் ஒதுக்குவதற்கு மிச்சமிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரியில் பகிர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டன. ஆசிய பசிபிக் பகுதியில் அந்த ஏப்ரலிலேயே தட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. ஒவ்வொரு சிம்முக்கும் ஒரு பொது முகவரி கொடுக்க எந்தக் கைத்தொலைபேசி நிறுவனத்தாலும் இயலாது. எனவே ஒரு பொது முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைக்கிறார்கள். சந்திக் கடை விலாசத்துக்கு மேற்பார்வை என்று போட்டுக் கடிதம் வாங்கும் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வந்தால் கடைக்காரர் ஆளறிந்து கொடுத்துவிடுவார். ஆனால் பெயரே எழுதாமல் கடை விலாசம் மட்டும் போட்டுப் புதிதாக ஒரு கடிதம் வந்தால் யாருக்கென்று கொடுப்பது? நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பும் இணைப்பு அந்தப் பெயரில்லாத கடிதம்தான். உங்கள் டைனமிக் டிஎன்எஸ் பெயர் இவ்வளவு நாளும் கடையின் விலாசத்தைத்தான் சரியாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

வன்னியில் இது இவ்வளவு பேரைப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஏ-9 வீதியை ஒட்டிய நகரங்களில் ஃபைபர் வந்த இடங்கள் இருக்கின்றன. ஆனால் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியிலோ, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாகப் போகும் ஏ-34 வீதியிலோ உள்ளே இறங்கினால் பல வீடுகளுக்குக் கம்பித் தொலைபேசியே வந்ததில்லை. சீடிஎம்ஏ என்ற கம்பியில்லாத் தொலைபேசிப் பெட்டி வந்தது, அதன் பிறகு நேரே 4ஜி. கொழும்பிலோ கண்டியிலோ கம்பி இணைப்பை வைத்திருப்பவர் சொல்லித்தரும் வழிமுறை இங்கே பலிக்காததற்கு நாம் பிழையாகச் செய்தோம் என்பது காரணமல்ல. இதைத் தெரியாமல் ரவுட்டரைக் குறைசொல்லிப் புது ரவுட்டர் வாங்கியவர்களை நான் அறிவேன். அந்தப் பணம் வீண். செயற்கைக்கோள் வழி ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கைக்கு வந்தது. அதன் வீட்டுப் பொதிகளிலும் பொதுவாகப் பகிர்ந்த முகவரிதான், ஆகவே அதற்கு மாறினாலும் இந்தச் சிக்கல் அப்படியே கூட வரும்.

நகரில் ஃபைபர் வைத்திருந்தும் இதே எண் வேறுபாட்டைக் காண்பவர்களுக்கு ஒரு வரி: நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் தனியாக ஒரு வைஃபை ரவுட்டரை மாட்டியிருந்தால், இரட்டை முகவரி மாற்றம் உங்கள் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. இரண்டாவது ரவுட்டரை, வைஃபையை மட்டும் தரும் ‘அக்சஸ் பொயின்ட்’ நிலைக்கு மாற்றினால் தீரும்.

இணைய நிறுவனத்திடம் கேட்கலாமா? கேட்கலாம். சில இணைப்புகளுக்கு மேலதிகக் கட்டணத்தில் நிலையான பொது முகவரி தருவதுண்டு, பெரும்பாலும் வணிக இணைப்புகளுக்கு. அழைப்பு நிலையத்தில் “இணையம் வேலை செய்கிறதுதானே” என்று முடித்துவிடுவார்கள். “எனக்குப் பகிராத பொது ஐபிவி4 முகவரி வேண்டும், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்காமல் விடுவீர்களா” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். முகவரி மட்டும் தந்து, உள்வரும் இணைப்புகளை வலையமைப்பிலேயே அடைத்து வைத்திருந்தால் மாதாமாதம் கட்டும் பணத்துக்குப் பயனில்லை. ஐபிவி6 என்ற புதிய முறை முகவரி கிடைக்கும் இணைப்புகளும் உண்டு. 2 என்று தொடங்கும் நீண்ட முகவரி கணினியில் தெரிந்தால் உங்களுக்கு அது இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் அது இருக்க வேண்டும், கைத்தொலைபேசி வலையமைப்புகள் உள்வருவதைத் தடுப்பதும் வழக்கம். அதை நம்பி ஒரு கடையின் கணக்கை வைக்கச் சொல்லமாட்டேன்.

உண்மையில், பொது முகவரி கிடைத்தாலும் 3389 என்ற ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டை, அதாவது அது அழைப்பை வாங்கும் வாசலை, இணையத்துக்கு நேரே திறந்து வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கிளிநொச்சியில் அப்படித்தான் வைத்திருந்தீர்கள். ஒன்றும் நடக்காமல் போனது நல்ல காலம். இணையம் முழுவதையும் இரவு பகலாகத் துழாவி, அந்தப் போர்ட் திறந்திருக்கும் முகவரிகளைத் தேடி, கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயலும் நிரல்கள் இருக்கின்றன. 3389ஐ 3390 ஆக்கினால் தப்பலாம் என்பதும் நம்பத் தகாதது, அவை எல்லா எண்களையும் துழாவும். 2019 மே மாதத்தில் ‘புளூகீப்’ என்ற ஓட்டை தெரியவந்தபோது, கடவுச்சொல்லே இல்லாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழையக் கூடியதாக இருந்தது. ஆதரவை நிறுத்திப் பல ஆண்டுகளான விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது. ஆபத்து அவ்வளவு பெரியது. உரக்கடை, அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம் என்று நம் பக்கத்தில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிந்துவிட்டன. உள்ளே புகுந்தவர்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். அப்பாவின் கடன் கொப்பி கணினியில் மட்டும் இருந்தால் அந்தப் போகத்தின் வரவே கேள்விக்குறியாகிவிடும்.

ஆகவே வெளியிலிருந்து உள்ளே வரும் பாதையைத் தேடுவதை விடுங்கள். வீட்டுக் கணினியும் உங்கள் கணினியும் இரண்டுமே உள்ளிருந்து வெளியே அழைத்து நடுவில் சந்தித்துக்கொள்ளட்டும். வெளியே போகும் அழைப்பைப் பகிர்ந்த முகவரி தடுப்பதில்லை, இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பே வேலை செய்யாதே. இதற்கு நான் முதலில் சொல்வது டெயில்ஸ்கேல், வெவ்வேறு இடத்துக் கணினிகளை ஒரு தனி வலையமைப்பாகப் பிணைக்கும் மென்பொருள். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம். வயர்கார்ட் என்ற நல்ல குறியாக்க முறையில் இயங்குவது. இரண்டு கணினியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல ஒன்றையொன்று காணும். நேரடிப் பாதை கிடைக்காவிட்டால் இடைநிலைச் சேவையகம் வழியாகப் போகும். கொஞ்சம் மந்தமாகும், ஆனால் அறுந்துபோகாது. நிறுவியதும் கணினிக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். மேலே பகிர்ந்த முகவரியின் அடையாளம் என்று சொன்ன அதே வரிசைதான். இதைக் கண்டு பயப்பட வேண்டாம், டெயில்ஸ்கேல் தன் உள்பாவனைக்கு அந்த வரிசையை எடுத்துக்கொள்கிறது. அந்த முகவரியை ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுத்தால் அப்பாவின் கணினி திறக்கும்.

அதில் இரண்டு அமைப்புகளை மறந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒருநாள் நின்றுவிடும். ஒன்று, டெயில்ஸ்கேல் ஒவ்வொரு கணினிக்கும் கொடுக்கும் அனுமதி இயல்பாக 180 நாட்களில் காலாவதியாகும்; நிர்வாகப் பக்கத்தில் வீட்டுக் கணினிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்திவிடுங்கள். மற்றது, விண்டோஸில் யாராவது உள்நுழைந்திருந்தால்தான் அது இயங்கும் என்பது இயல்பான நிலை. மின்சாரம் போய் வந்து கணினி தானாக எழும்பினால், கடவுச்சொல் கேட்கும் திரையில் நிற்கும். அம்மா உள்நுழையும் வரை அந்தக் கணினி உங்கள் பக்கம் தெரியாது. டெயில்ஸ்கேலின் விருப்பங்களில் ‘ஆளில்லாமலும் இயங்கு’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். பிறகு ரவுட்டரில் போட்ட போர்ட் ஃபார்வர்டிங் விதியை அழித்துவிடுங்கள், டைனமிக் டிஎன்எஸ் கணக்கையும் மூடலாம்.

கணினியில் ஹோம் பதிப்பு இருந்தால் புரோவுக்குப் பணம் கட்டத்தான் வேண்டும் என்றில்லை. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும், குறைந்தது 6 இலக்கப் பின் எண்ணைக் கேட்கும், கணினி மறுபடி தொடங்கினாலும் தானே வந்து நிற்கும். எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் போன்றவையும் உண்டு. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்கை நிறுவினால் நான்கு கதவுக்கும் நீங்களே காவல்.

பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் குயிக் அசிஸ்ட் என்ற கருவி இருக்கிறது; இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாக எடுக்கலாம். நீங்கள் கொழும்பில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அதைத் திறந்து, வரும் குறியீட்டைத் தங்கச்சிக்குச் சொல்லுங்கள். அவர் அதைத் தட்டி அனுமதித்ததும் வீட்டுத் திரை உங்கள் கையில். பகிர்ந்த முகவரி இதற்கும் தடையில்லை. மென்பொருள் நிறுவும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும் கட்டத்தில் உங்கள் பக்கம் கறுத்துவிடும். அது அறுந்துவிட்டதல்ல, அந்தக் கேள்விக்கு நேரில் இருப்பவர்தான் ‘ஆம்’ என்று அழுத்த வேண்டும். “கேள்வி வந்தால் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு அழுத்து” என்று தங்கச்சியிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஒரு மாலையில் உறக்க அமைப்பு, கடவுச்சொல், ஃபயர்வால், டெயில்ஸ்கேல் எல்லாம் முடிந்துவிடும்.

கொழும்புப் பக்கத்தையும் சோதியுங்கள். அலுவலக வலையமைப்புகளும் விடுதி வைஃபைகளும் வெளியே போகும் 3389 போன்றவற்றை அடைத்து வைத்திருப்பதுண்டு. உங்கள் கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பொட்டில் இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அலுவலகக் கணினியில் இவற்றை நிறுவுவதானால் முதலில் அனுமதி கேளுங்கள். வேலைக்குக் கேடு வரக் கூடாது.

பொங்கலுக்குப் போனால் நீங்கள் நேரில் செய்ய வேண்டியது மின்சார ஏற்பாடு. இதை மற்ற எல்லாவற்றைவிடவும் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் இணைப்பு ‘அடைபட்டது’ என்று என்னிடம் சொல்லப்படும் பல நாட்களில் கணினி வெறுமனே அணைந்து கிடந்திருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். இப்போது அந்த நிலை இல்லை. ஆனால் மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து விழுந்தாலே போதும், கிராமத்து இணைப்பு போய்விடும். மேசைக் கணினி என்றால், விண்டோஸுக்கு முன்பே தொடங்கும் பயாஸ் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற தெரிவு இருக்கும். அதை ‘இயங்கு’ என்று வையுங்கள். பல கணினிகளில் அது ‘அணைந்தே இரு’ என்றுதான் இருக்கும். கணினிக்கு யுபிஎஸ், ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் தனியாக வைத்தால் குறுகிய தடைகளில் இணைப்பு அறாது. ரவுட்டரின் மின்னிணைப்பில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள். தடை நீண்டால் கோபுரத்தின் மின்கலமும் இறங்கி சிக்னலே போய்விடும், அதற்கு நம்மால் ஒன்றும் செய்ய இயலாது. மின்னல் அடிக்கும் நேரத்தில் அம்மா பிளக்கைக் கழற்றுவார். கழற்றட்டும். திரும்ப மாட்டியதும் கணினி தானாக எழும்பும்படி வைத்திருந்தால் போதும்.

டேட்டாவைக் கவனியுங்கள். பொதி முடிந்து வேகம் குறைக்கப்பட்டால் ‘இணைந்துள்ளது’ என்று காட்டிக்கொண்டே திரை உறைந்து நிற்கும், அதைத் தடை என்று நினைத்துத் தேடத் தொடங்குவீர்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் பின்னணிப் படத்தையும் அசைவு விளைவுகளையும் நிறுத்தி, நிறத் தரத்தைக் குறைத்தால் கணக்கு எழுதும் வேலைக்குச் சிறிதளவு டேட்டாவே போதும். ரவுட்டரை அலுமாரிக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழேயோ வைக்காமல், கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலோரம் வையுங்கள்.

அம்மாவிடமும் தங்கச்சியிடமும் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். வங்கியிலிருந்து, தொலைபேசி நிறுவனத்திலிருந்து, ‘மைக்ரோசாஃப்ட்டிலிருந்து’ என்று யார் அழைத்து ஒரு செயலியை நிறுவச் சொன்னாலும், குறியீட்டைத் தட்டச் சொன்னாலும், திரையில் தெரியும் எண்ணை வாசிக்கச் சொன்னாலும் உடனே வைத்துவிட வேண்டும். நீங்கள் உதவிக்குப் பயன்படுத்தும் அதே கருவிகளைத்தான் ஏமாற்றுக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் குரலைக் கேட்டால் மட்டும், அதுவும் நீங்கள் முன்பே சொல்லிவைத்த நேரத்தில் மட்டும், செய்யச் சொல்லுங்கள். கணக்குக் கோப்பின் பிரதி ஒன்றை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்பதையும் தங்கச்சியின் பொறுப்பில் விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் இணையவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். வீட்டுக்குள் வைஃபையில் இணைந்ததா இல்லையா, விண்டோஸ் எந்தப் பதிப்பு, டெயில்ஸ்கேல் பட்டியலில் வீட்டுக் கணினி இணைப்பில் இருப்பதாகக் காட்டுகிறதா, ரவுட்டரில் தெரிந்த முகவரியின் முதல் இரண்டு எண்கள் எவை, இந்த நான்கும் போதும். முழு முகவரியையும் கடவுச்சொல்லையும் எனக்குக்கூட அனுப்ப வேண்டாம்.